சித்தப்பா இடது கையால் புல் வெட்டிய காலம்

நம் வயதுக்கு வந்துவிட்டால் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறோம். உங்களில் சிலர் பஜனைக்குப் போகிறீர்கள், சிலர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றி இறக்குகிறீர்கள், ஒருத்தி வீட்டுக்குப் பின்னால் காளான் வளர்க்கிறாள். நான் கோல்ப் பழகுகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் தாதியாக ஓடி ஓடித் தேய்ந்த மூட்டுக்கு நடை நல்லது என்றார் டாக்டர். சும்மா நடக்க அத்தைக்குப் பிடிக்காது என்று மருமகன் மட்டைப் பை ஒன்றையே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கோலா சிலாங்கூரிலிருந்து சற்றுத் தள்ளி, செம்பனைக் காட்டை ஒட்டி, பந்து அடித்துப் பழகும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சொல்லிக்கொடுப்பவள் ஒரு மலாய்ப் பெண். என் மகளைவிடச் சின்னவள், ஆனால் அதட்டலுக்குக் குறைவில்லை. நானாகவே அடித்துப் பழகிய வீச்சு ஒன்று என்னிடம் இருந்தது, வாசல் கூட்டுகிற வீச்சு. அதை மாற்றியே தீருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பந்தே இல்லாமல், மெதுவாக, வெறும் காற்றில் வீசச் சொல்கிறாள். பந்து இல்லாதவரை நான் ராணி. பந்தை முன்னால் வைத்தால் போதும், தோள் இறுகும், மூச்சு நின்றுவிடும், கை தானாகவே விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு போய்விடும்.

போன வாரம் அவள் என் முகத்துக்கு நேராக வந்து நின்று, “ஆண்ட்டி, பல்லைக் கடிக்காதீங்க. ரிலேக்ஸ்லா. தாடை இறுகினா கையும் இறுகும்” என்று மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தலைசுற்றல் என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். தலையெல்லாம் சுற்றவில்லை. இதையே பாவாடை சட்டை போட்டிருந்த வயதில் நான் கேட்டிருக்கிறேன். என் சித்தப்பா சொல்லக் கேட்டது. அவரும் இப்போது இல்லை. அவர் இருந்த காலத்தில் இந்த மட்டையை நான் தொட்டிருந்தால், ஒரு சாயங்காலமாவது அவர் பக்கத்தில் நின்று வீசியிருப்பேனே என்று அன்று முழுக்க ஒரே ஆற்றாமை.

எங்கள் தோட்டம் தஞ்சோங் காராங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பாதி தென்னை, பாதி செம்பனை. காற்று அடித்தால் கொப்பரை காயும் வாடை, காற்று நின்றால் ஆற்றுச் சேற்று வாடை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில், தோட்டத்தை நடத்தும் துரைமார் கோல்ப் ஆடும் திடல். நம்மில் பலருக்கு நம் தோட்டத்துத் திடல் பந்து விளையாடிய இடமாக ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அது சித்தப்பாவின் வேலை இடம். அதற்குப் புல் வெட்டுவது அவர் பொறுப்பு.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி, வயதில் மிக இளையவர். தாய் தகப்பன் இல்லாமல் அப்பா கையில் வளர்ந்தவர். எங்கள் வீட்டு முன்னறையில் கேன்வாஸ் கட்டிலில் படுத்துக்கொள்வார். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவர்தான். தம்பியை அவர் திட்டி நான் கேட்டதில்லை. மீன் குழம்பில் தலை எப்போதும் சித்தப்பாவுக்குத்தான். அப்பா தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பார்.

புல்வெட்டுக் கத்தியை நீங்கள் மறந்திருக்கலாம். நீளமான தட்டை இரும்பு, நுனியில் வளைந்திருக்கும், கைப்பிடிக்கு மரக்கட்டை. அதை ஒற்றைக் கையால் தோளுக்கு மேல் தூக்கி, இடுப்போடு சேர்த்து ஒரு சுழற்று சுழற்றி, தரையை உரசும்போது மணிக்கட்டை வெடுக்கென்று திருப்ப வேண்டும். சித்தப்பா காலையிலிருந்து மத்தியானம்வரை அதைத்தான் செய்வார். அவருடைய வலது கை இடது கையைவிடப் பருத்திருக்கும். தீபாவளிச் சட்டை தைக்கும்போது அம்மா வலது கைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டுத் தைப்பாள்.

துரைமார் போன பிறகு அவரும் பந்து அடிப்பார். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய மட்டை ஒன்று அவரிடம் இருந்தது. தலைக்கட்டை விரிசல் விட்டு, செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கும். அவர் அடித்தால் பந்து பயங்கரமாகப் பறக்கும். ஆனால் நேராகப் போய்க்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று வலது பக்கம் வளைந்து வாய்க்காலில் விழும். எத்தனை அடித்தாலும் அதே வாய்க்கால். நாங்கள் பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கித் தேடுவோம். காலுக்கடியில் சேற்றில் வழுவழுவென்று உருளும் அந்தப் பந்தை இப்போதும் என் பாதம் மறக்கவில்லை.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் புதுத் துரை வந்தார். ஈப்போ பக்கத்துச் சீனர், மூக்குக் கண்ணாடி போட்டவர், சத்தம் போட்டுப் பேசாதவர். ஒரு சாயங்காலம் சித்தப்பா அடிப்பதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டார். வேலை போய்விட்டது என்று சித்தப்பா மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் பந்துகளை மடியில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர்கள் மலாயில் பேசிக்கொண்டார்கள்.

“எங்கே கற்றுக்கொண்டாய்?” என்றார் துரை.

“புல் வெட்டித்தான், துவான்.”

துரை சிரித்துவிட்டார். “தெரிகிறது. புல்லைத்தான் வெட்டுகிறாய், பந்தை அடிக்கவில்லை” என்றார். பிறகு சித்தப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு துரை சொன்னதைச் சித்தப்பா அன்று வீட்டில் சோற்றைக்கூடத் தொடாமல் சொன்னார். கிள்ளான் பக்கத்துக் கோல்ப் கிளப் ஒன்றில் துரையின் கூட்டாளி ஒருவர் பெரிய ஆள். அங்கே புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேடுகிறார்கள். சீனப் பெருநாள் முடிந்து கூட்டாளி இங்கே வருவார். அவர் முன்னால் பந்தை நேராக அடித்துக் காட்டினால் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுவார். தங்க அறை, மாதச் சம்பளம், அங்கே எல்லோரும் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

“சப்பாத்து அண்ணி, வெள்ளை சப்பாத்து!” என்று அம்மாவிடம் சொன்னார். அதுவரை அவர் காலில் ரப்பர் செருப்பைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. அப்பா சந்தோஷப்பட்டார், ஆனால் பட்டும் படாமலும். தம்பி கிள்ளானுக்குப் போனால் யார் சோறு போடுவார்கள் என்பதுதான் அவருக்கு முதல் கவலை.

மறுநாளிலிருந்து துரை மாலையில் வந்து கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தார். இப்போது அந்த மலாய்ப் பெண் எனக்குச் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். முதலில் பந்து வேண்டாம். மெதுவாக வீசு. தண்ணீருக்குள் நின்று வீசுவதுபோல் வீசு. பல்லைக் கடிக்காதே. சித்தப்பாவுக்கு மற்றதெல்லாம் வந்தது, பல்லைக் கடிப்பதை மட்டும் விட முடியவில்லை. புல் வெட்டும்போது கடித்துக் கடித்துப் பழகிய தாடை. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிஸ்கட் டின்னிலிருந்து உப்பு பிஸ்கட் ஒன்றை எடுத்துப் பற்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வீசுவார். பிஸ்கட் உடையாமல் இருந்தால் தாடை இறுகவில்லை என்று அர்த்தம். உடைந்த பிஸ்கட்டெல்லாம் எனக்கு. முதல் வாரம் எனக்கு நல்ல வேட்டை. போகப் போகப் பிஸ்கட் உடைவது குறைந்தது. நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன். “தாடை இறுகுனா கையும் இறுகிரும்மா, நான் என்னா செய்ய?” என்று சிரித்தார்.

லயத்து முன்னால் ஓர் ஆள், வாயில் பிஸ்கட்டோடு, பந்தே இல்லாமல், கனவில் நடப்பதுபோல் மெதுவாகத் தடியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தால் குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “என்னா, காத்த வெட்டுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதுவரை எல்லாம் கேலிதான்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சாயங்காலம் எவ்வளவு அழகாகப் பழகினாலும் மறுநாள் மத்தியானத்துக்குள் அத்தனையும் போய்விடும். காலையெல்லாம் அந்தக் கத்தியை அதே பழைய சுழற்றில் சுழற்றுகிறாரே, அப்புறம் என்ன ஆகும்? மட்டையைக் கையில் எடுத்ததும் மணிக்கட்டு வெடுக்கென்று திரும்பிவிடும், பந்து வாய்க்காலைத் தேடிப் போய்விடும். ஒரு நாள் மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். “சாயங்காலம் நான் கட்டறத காலைல புல்லு அவுத்துருதும்மா” என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

புல் வெட்டாமல் இருக்க முடியாது, அதுதான் சோறு. ஆகவே சித்தப்பா இடது கையால் புல் வெட்ட ஆரம்பித்தார்.

இன்று யோசித்தால் அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. வலது கையைப் பழைய வேலையிலிருந்து அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார். ஆனால் அதைப் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. நல்ல வேலைக்காரன் ஒருவன் திடீரென்று பீச்சாங்கையால் கத்தி பிடிக்கிறான், புல்லைக் குதறி வைக்கிறான், கேட்டால் சிரிக்கிறான். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அப்பாவிடம் வந்து, “ஒன் தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சிப்பா. சும்மா சொல்லல. பாத்துக்க” என்றார்.

அப்பா அன்று சாப்பிடும்போது தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கவனித்துவிட்டு, “சோத்த வலது கையாலதான திங்கிறாரு? அப்பறம் என்னா ஒங்களுக்கு?” என்றாள். அப்பா குனிந்து சாப்பிடத் தொடங்கினார். கோயிலில் அது நடக்காமல் இருந்திருந்தால், அம்மாவின் அந்தக் கேள்வியே இன்னும் கொஞ்ச நாள் எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை. அப்பா தலைவராக முன்வரிசையில் நிற்கிறார், அவர் பக்கத்தில் சித்தப்பா. பூசாரி விபூதித் தட்டோடு வந்தார். சித்தப்பா கையை நீட்டினார். இடது கை.

பூசாரியின் விரல் தட்டிலேயே நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ “ஆத்தா” என்றார்கள். சித்தப்பா குனிந்து தன் கையைப் பார்த்தார், பதறிப்போய் இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். “பழக்கத்துல வந்துருச்சி, சாமி” என்று சிரிக்கவும் பார்த்தார். பாவம், அவர் உண்மையைத்தான் சொன்னார். இடது கைக்கு வேலை கொடுத்துக் கொடுத்து அது முந்திக்கொள்ளப் பழகிவிட்டது. ஆனால் மாரியம்மன் முன்னால் பீச்சாங்கை நீட்டுகிற பழக்கம் யாருக்கு இருக்கும்? கோயிலை விட்டு வெளியே வரும்போது எங்களுக்கு வழி விட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது.

வீட்டில் அப்பா கேட்டார். சித்தப்பா ஒன்றையும் மறைக்கவில்லை.

“வலது கைக்குப் பழசு மறக்கணும்ணே. மறக்கிற வரைக்கும் அதப் புல்லுப் பக்கம் விடக்கூடாது.”

“கை எப்படிடா மறக்கும்?”

“மறக்கும்ணே. மெதுவாப் பழகுனா மறக்கும். கனவுலகூட இப்ப நான் மெதுவாத்தான் வீசறேன்.”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அதுவரை சித்தப்பா பக்கம் நின்றவள் அவள் ஒருத்திதான். சித்தப்பா வாயைத் திறக்கத் திறக்க அவர் சொன்னது ஒவ்வொன்றும் பேய் பிடித்தவன் பேச்சாகவே அவர்கள் காதில் விழுந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அப்பா முடிவு செய்தார். கிள்ளான் வேலை கிடைக்கப்போகிறது என்று பொறாமைப்பட்டவன் எவனோ, வேலை செய்கிற கையைக் கட்டிவிட்டான். அவருக்கு எல்லாம் பொருந்திவந்தது.

தஞ்சோங் காராங்கில் வயல்காட்டு ஓரம் மந்திரித்து வைத்தியம் பார்க்கும் ஒரு மலாய் போமோ இருந்தார். கட்டு அவிழ்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். நம்மவர்கள் அம்மனுக்கும் விளக்கு ஏற்றுவார்கள், போமோவையும் விட மாட்டார்கள். பஸ்ஸில் என்னையும் கூட்டிப்போனார்கள். மழை பெய்து வயலெல்லாம் தண்ணீர், நடுவில் வாய்க்கால் நேர்க்கோடாகப் போனது. போமோ பெரியவர் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் வெட்டிப் போட்டுப் பார்த்தார், சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தார், கையை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்ன விஷயம் என்று கேட்டார். சித்தப்பா சொன்னார். பெரியவர் ரசித்துக் கேட்டார். எங்கே செய்து காட்டு என்று மூலையில் இருந்த குடையை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா அந்தப் பலகை வீட்டில் நின்று குடையை மெதுவாக வீசிக் காட்டினார். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

“இவருக்கு ஒன்றும் இல்லை. ஆள் மெலிந்திருக்கிறார், நன்றாகச் சாப்பாடு போடுங்கள்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில், “பெரிய கட்டு போல இருக்கு. அவரு கைக்கே அடங்கல” என்றார். நீங்கள் சிரிக்கலாம். நானும் வெகுநாள் சிரித்துத்தான் சொல்லிவந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன ஒரே மனிதரின் பேச்சையும் அப்பாவின் பயம் இப்படி மாற்றிக்கொண்டது.

மறுநாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விடும் வழி என்பதால் நானும் உடன் போனேன். துரை வெளியே வந்தார். அப்பாவுக்கு மலாய் கொஞ்சம்தான் தெரியும்.

“தம்பிக்கு சாக்கிட், துவான்” என்றார். உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

துரை என்ன நோய் என்று கேட்டார். அப்பாவுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். கோயில் தலைவர், லயத்தில் எல்லோருக்கும் பஞ்சாயத்து சொல்கிறவர், பள்ளிக்கூடப் பையோடு நின்ற என் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு அழுதார். இனிமேல் அவனை அந்த ஆட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம், கிள்ளானுக்கு அனுப்ப வேண்டாம், அங்கே அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தமிழும் மலாயுமாகக் கெஞ்சினார். துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவின் தோளைத் தொட்டார். சரி என்றார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வழக்கம்போல் வாயில் பிஸ்கட்டோடு வீசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்து விஷயம் சொல்வதுபோல் சொன்னேன். “அப்பா தொரகிட்ட ஒங்களுக்கு சாக்கிட்னு சொன்னாரு. இங்க.” அப்பா செய்ததுபோல நெற்றியில் விரலை வைத்துக் காட்டினேன்.

மட்டை பாதியில் நின்றது. பிஸ்கட் உடைகிற சத்தம் கேட்டது. அதை எனக்குக் கொடுக்காமல் அவரே மென்று விழுங்கினார்.

“வேற என்னா சொன்னாரு?”

“அழுதாரு.”

“அண்ணனா? அழுதாரா?”

நான் தலையாட்டினேன். அவர் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அவர் துரையிடம் போய்ப் பார்க்காமல் இல்லை. போய் எல்லாவற்றையும் விளக்கினார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முதலில் ஓய்வு எடு. அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றாராம். “நான் சொல்லச் சொல்ல அவரு கொரல் மெல்லிசா ஆயிக்கிட்டே வந்துச்சிம்மா” என்று பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். வார்டில் புத்தி தடுமாறியவர்களிடம் நானே அந்தக் குரலில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். இரக்கம் நிறைந்த குரல்தான். அதற்கு எதிரே நின்று எனக்கு ஒன்றுமில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இரக்கப்பட்டே துரை அவரைத் திடலிலிருந்து மாற்றி, தென்னைப் பக்கம் தேங்காய் பொறுக்கும் இலேசான வேலை கொடுத்தார். சீனப் பெருநாள் முடிந்து கூட்டாளி வந்தபோது சித்தப்பா மாட்டு வண்டிகூடப் போகாத தென்னங்காட்டு மூலையில் இருந்தார்.

புல் வெட்டும் வேலை போனதால் இடது கைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் விபூதிக்கு வலது கையை நீட்டினார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பி குணமானால் முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. தைப்பூசத்தில் மொட்டை அடித்து, சந்தனம் பூசிக்கொண்டு, தோட்டத்துக்கே சோறு போட்டார். சித்தப்பாதான் பந்தி பரிமாறினார். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் ஒவ்வொருவரும் அவரை நிமிர்ந்து பார்த்து, “தேறிட்டியா, தம்பி?” என்று கேட்டார்கள். அவர் தேறிட்டேன், தேறிட்டேன் என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே போனார்.

அதற்குச் சில நாள் கழித்து, திடலில் யாரும் இல்லாத ஒரு மாலை. மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பாவே சொன்னார். “எங்க, ஒண்ணு அடிச்சிக் காட்டு. ஒடம்பு எப்படி இருக்குன்னு பாப்போம்.”

சித்தப்பா மட்டையை எடுத்தார். நாங்கள் பிள்ளைகளெல்லாம் வாய்க்கால் பக்கம் ஓடித் தயாராக நின்றோம். அவர் அவசரப்படவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மட்டை மேலே போனதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. பந்து எங்கள் பக்கம் வரவே இல்லை. கொடிக்கம்பத்துக்கு நேராக, கோடு போட்டதுபோல் போய் விழுந்து உருண்டு நின்றது. அத்தனை மாதம் அவர் தேடியது அதுதான். கடைசியில் கை மறந்துவிட்டது.

அப்பா கை தட்டினார். “பாத்தியா! இப்பத்தான்டா பழையபடி அடிக்கிற!”

சித்தப்பா பந்து போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொன்று அடிக்கச் சொல்லி நாங்கள் கெஞ்சினோம். அவர் அடிக்கவில்லை. அந்த மட்டையை அம்மா பிறகு துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்தாள். லயத்தை இடித்தபோது அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்வது சரியில்லை. யாரும் பெண் கொடுக்கவில்லை. சுங்கை பெசாரில் ஒரு இடம் பேசி, நாள் குறிக்கும் அளவுக்கு வந்து, விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். தோட்டம் விற்றுப்போன பிறகு கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜாகாவாகக் காவல் இருந்தார். எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். அப்பா வயதான காலத்தில் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். போமோவாலேயே அவிழ்க்க முடியாத கட்டைத் தன் வேண்டுதல் அவிழ்த்ததை, முடி காணிக்கையை, தம்பியைக் கிள்ளானுக்கு அனுப்பாமல் காப்பாற்றியதை. சொல்லி முடித்ததும் சித்தப்பாவின் தலையில் கை வைப்பார். சித்தப்பா தலையைக் குனிந்து கொடுப்பார். வளர்ந்த பிறகு நான் அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் கடைசிவரை அப்பாவிடம் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணன் மனசு நோகக் கூடாது என்று பெரிய மனதாகச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“சண்ட போட்டிருக்கணும்மா” என்றார். “ஒரு நாளாச்சும் மொறச்சிக்கிட்டு சண்ட போட்டிருக்கணும். எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நீங்கதான் என் வேலய கெடுத்தீங்கன்னு கத்தியிருக்கணும். கொஞ்ச நாள் பேசாம இருந்திருப்பாரு, அப்பறம் சரியாயிருக்கும். அண்ணன் தம்பின்னா அப்படித்தான? அவரு அழுதாருன்னு நீ வந்து சொன்னியே, அதுல என் வாய் அடச்சிப்போச்சி. கடைசி வரைக்கும் நான் அவருக்குத் தேறுன நோயாளிதான். தம்பியா என்னை அவரு பாக்கவே இல்ல. இப்ப சண்ட போட ஆளு இல்ல.”

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரிந்தது. அதற்குள் மண்டோரின் மனைவி, கூன் விழுந்த கிழவி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு விடைபெற வந்தாள். தோட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து அன்றுதான் எங்களைப் பார்க்கிறாள். சித்தப்பாவின் முகத்தைக் கிட்டத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள்.

“ஏம்பா, இப்ப ஒடம்பெல்லாம் பரவால்லியா? அந்தத் தொந்தரவு மறுபடி வரலியே?”

“இல்லக்கா. நல்லா இருக்கேன்.”

“எல்லாம் ஒங்கண்ணன் செஞ்ச புண்ணியம். மறந்துறாத.”

“ஆமாக்கா” என்றார் சித்தப்பா. “அண்ணன்தான்.”